வீட்டை விற்க விளம்பரம் எழுதுவது எப்படி? உரிமையாளருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு வீட்டை வாங்க முனைபவர், வீடு அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார். பத்திரத்தில் சிக்கல் ஏதும் இல்லையா, கோடையிலும் தண்ணீர் இருக்குமா, கையிருப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து அந்த விலையை எட்டுமா என்பவையே அவை. ஆனால் நாளிதழ்களிலும் சொத்து விற்பனைத் தளங்களிலும் வரும் பெரும்பாலான விளம்பரங்கள் இந்த மூன்றையும் விட்டுவிட்டு, "அருமையான வீடு, நல்ல ஏரியா, அனைத்து வசதிகளும் உண்டு, நேரில் பேசவும்" என்று முடிந்துவிடுகின்றன. அப்படி எழுதும் உரிமையாளருக்கு அழைப்புகள் வராமல் போவதில்லை. வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் தரகர்களுடையவையாகவும், விலையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுபவர்களுடையவையாகவும் இருக்கும்.

வாங்குபவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே, எழுத்தில், உண்மையான விடை தருவதுதான் நல்ல விளம்பரத்தின் வேலை. அதை எழுதும் முறையைப் படிப்படியாகக் காண்பதற்கு ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில், அரை கிரவுண்டு மனையில், 2009-இல் கட்டப்பட்ட ஒரு தனி வீடு. கீழும் மேலுமாக மூன்று படுக்கையறைகள். உரிமையாளர் தானே குடியிருந்து தானே விற்கிறார்.

முதல் படி: எழுதுவதற்கு முன் ஆவணங்களை மேசையில் பரப்புங்கள்

விளம்பரத்தின் பலம் ஆவணங்களில் இருக்கிறது என்பதால் இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. உங்கள் பெயரிலுள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டுவது), சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது உள்ளாட்சி அமைப்பு அங்கீகரித்த கட்டட வரைபடம், நடப்பு ஆண்டு வரை கட்டிய சொத்துவரி ரசீது, குடிநீர் வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகிய அனைத்தையும் எடுத்து வைத்து, பெயர், அளவு, எல்லை ஆகியவை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்க முடியும்; வாங்குபவரும் அவருடைய வழக்கறிஞரும் முதலில் பார்ப்பது அதைத்தான். கடன் அடைத்து முடித்த பிறகும் வங்கியின் அடமானம் ரத்தாகாமல் அதில் தொடர்ந்து நிற்பது பல குடும்பங்களில் காணக்கூடியது. விளம்பரம் கொடுக்கும் முன் அதை ரத்து செய்து பதிந்துவிடுவது நல்லது.

பட்டா இன்னும் முந்தைய உரிமையாளர் பெயரிலோ, கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால், பெயர் மாற்றத்துக்கும் உட்பிரிவுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். "தனிப் பட்டா உண்டு" என்ற மூன்று சொற்களுக்கு விளம்பரத்தில் இருக்கும் மதிப்பு, "இத்தாலியன் மார்பிள்" என்பதற்கு இல்லை. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் கட்டிய வீடாக இருந்தால், 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளுக்காக 2017-இல் கொண்டுவரப்பட்ட வரன்முறைத் திட்டத்தின்கீழ் அது வரன்முறை செய்யப்பட்டதா என்பதையும், செய்யப்பட்டிருந்தால் அதன் ஆணையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வங்கிக் கடன் கிடைப்பது கடினம் என்பதால், வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் இந்த ஒரு காரணத்துக்காகவே விலகிவிடுவார்கள்.

பெற்றோர் வழியில் வந்த வீடு என்றால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. வாரிசுச் சான்றிதழில் உள்ள அனைவரும், திருமணமாகி வெளியூரில் இருக்கும் சகோதரிகள் உட்பட, விற்பனைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட முன்வந்த பிறகே விளம்பரம் வெளிவர வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் மகள்களின் பங்குரிமையை நிலைநாட்டியிருக்கின்றன. முன்பணம் வாங்கிய பிறகு ஒரு தங்கை மறுத்தால் வீடும் விற்காது, உறவும் முறிந்துபோகும். பாகப்பிரிவினையோ, மற்ற வாரிசுகள் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ முடிந்துவிட்டது என்றால் அதை விளம்பரத்திலேயே ஒரு வரியில் சொல்லலாம்.

வீட்டின் பத்திரம் இன்னும் வங்கியில் இருந்தால் மறைக்காதீர்கள். "வீட்டுக்கடன் பாக்கி உண்டு, அசல் ஆவணங்கள் வங்கியில் உள்ளன, நகல்களைப் பார்வையிடலாம்" என்று எழுதினால், வாங்குபவர் அஞ்சி ஓடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, ஒரு வங்கி இந்த ஆவணங்களை ஏற்கெனவே ஒருமுறை ஆராய்ந்து கடன் கொடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

இரண்டாம் படி: அளவுகளைப் பிரித்து எழுதுங்கள்

விளம்பரங்களில் மிகுதியான குழப்பம் அளவில்தான் நேர்கிறது. தனி வீட்டுக்கு மனையின் பரப்பும் கட்டடத்தின் பரப்பும் தனித்தனியாக வேண்டும். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கிரவுண்டுக் கணக்கு புழங்குகிறது. மற்ற மாவட்டங்களில் சென்ட் கணக்குதான் வாயில் வரும். பட்டாவிலோ சதுர மீட்டர் இருக்கும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. எந்த ஊராக இருந்தாலும் சதுர அடியை முதன்மையாக எழுதி, ஊர் வழக்கை அடுத்துத் தருவது எல்லோருக்கும் புரியும். நம் உதாரண வீட்டுக்கு "மனை 1,200 சதுர அடி (அரை கிரவுண்டு, 30 x 40), கட்டடம் கீழும் மேலுமாக 1,650 சதுர அடி" என்று எழுத வேண்டும். நீள அகலத்தைத் தருவது முக்கியம். ஒரே 1,200 சதுர அடியில் 30 அடி முகப்பு உள்ள மனையும் 20 அடி முகப்பு உள்ள மனையும் ஒரே விலைக்குப் போவதில்லை. பத்திரத்தில் ஓர் அளவும், இடத்தில் அளந்தால் வேறோர் அளவும் வருமானால், குறைவானதையே எழுதுங்கள். வாங்குபவர் நில அளவையரை அழைத்து வந்து அளக்கும் நாளில் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

அடுக்குமாடி வீட்டுக்கு மூன்று அளவுகள் தேவை. சுவருக்குள் புழங்கும் கார்பெட் ஏரியா, மாடிப்படி, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லப்படும் சூப்பர் பில்ட்-அப் ஏரியா, நிலத்தில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு ஆகியவை அவை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) கார்பெட் ஏரியாவுக்குத் தெளிவான வரையறை தந்திருக்கிறது: உட்புறத் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும், வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை சேரா. பழைய அடுக்குமாடி வீட்டை விற்பவர்கள் பிரிக்கப்படாத பங்கை எழுதாமல் விடுவது பெரிய தவறு. கட்டடத்துக்கு வயது ஏற ஏற மதிப்பு குறைகிறது, நிலத்தின் மதிப்பே தாங்கி நிற்கிறது. எட்டு வீடுகள் கொண்ட இரண்டு கிரவுண்டுக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு 600 சதுர அடிப் பங்கு என்பது, பிற்காலத்தில் இடித்துக் கட்டும்போது எவ்வளவு பொருள் தரும் என்பது வாங்குபவருக்குத் தெரியும்.

மூன்றாம் படி: விலையை முடிவு செய்து, அதை வெளிப்படையாக எழுதுங்கள்

விலை எழுதாத விளம்பரத்தால் நன்மை ஒன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. விலையைத் தெரிந்துகொள்ளவே அழைப்பவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போவதுதான் அதன் பலன். அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய வீடுகள் என்ன விலைக்குப் போயின என்பதை இரண்டு மூன்று வழிகளில் விசாரியுங்கள். தளங்களில் காணும் விலைகள் கேட்கும் விலைகள். படிந்த விலைகள் அல்ல. பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பும் சந்தை விலையும் ஒன்றல்ல என்றாலும், அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, வாங்குபவரின் இடத்தில் அமர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். நம் உதாரண வீட்டின் விலை 90 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிகளின்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதமே உச்சவரம்பு. எனவே வங்கி அதிகபட்சமாக 72 லட்சம் தரும். மீதி 18 லட்சத்துடன், முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்றுத் தீர்வையுமாக 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 8.10 லட்சத்தை அவரே புரட்ட வேண்டும். ஆக, 26 லட்சத்துக்கு மேல் கையில் ரொக்கமாக இருப்பவரே இந்த வீட்டின் உண்மையான வாடிக்கையாளர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர், யாருக்காக எழுதுகிறோம் என்பதைத் தெளிவாக உணர்ந்துவிடுவார்: பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, சேமித்து, வாடகை வீட்டிலோ சிறிய அடுக்குமாடி வீட்டிலோ குடியிருந்து, பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளுடன் தனி வீட்டைத் தேடும் ஒரு குடும்பம்.

பேரத்துக்கு இடம் வைப்பது நம் ஊர் வழக்கம். வாங்குபவரும் கொஞ்சமாவது குறைத்தோம் என்ற நிறைவுடன் போக விரும்புவார். ஆனால் அந்த இடம் நான்கைந்து சதவீதத்தைத் தாண்டினால், உங்கள் விளம்பரம் அவர் தேடும் விலை வரம்புக்கு வெளியே போய்விடும். தளங்களில் பெரும்பாலோர் "90 லட்சம் வரை" என்று வரம்பு வைத்தே தேடுகிறார்கள் என்பதால், 91 லட்சம் என்று எழுதியவரின் வீடு அவர்கள் கண்ணிலேயே படாது. "ரூ. 90 லட்சம், நேரில் பேசலாம்" என்பது போதும்.

நான்காம் படி: தலைப்பையும் வரி விளம்பரத்தையும் எழுதுங்கள்

முதலில் மிகச் சுருக்கமான வடிவத்தை எழுதுவதே நல்ல பயிற்சி. நாளிதழ் வரி விளம்பரத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால், எது இன்றியமையாதது என்பது அங்கே தானாகவே தெளிந்துவிடும். வழக்கமாக வரும் ஒரு விளம்பரம் இப்படி இருக்கும்:

"தாம்பரம் அருகே அருமையான தனி வீடு விற்பனைக்கு. அமைதியான சூழல். அனைத்து வசதிகளும் உண்டு. டாக்குமெண்ட் கிளியர். உடனே அணுகவும்."

இதில் "அருகே" என்பது இரண்டு கிலோமீட்டராகவும் இருக்கலாம், பன்னிரண்டு கிலோமீட்டராகவும் இருக்கலாம். "அருமையான", "அமைதியான", "அனைத்து வசதிகளும்" ஆகியவை எந்த வீட்டுக்கும் பொருந்துபவை. "உடனே" என்ற சொல், விற்பவருக்குப் பண நெருக்கடி இருக்கிறது என்ற எண்ணத்தைத் தந்து பேரத்தில் உங்களைக் கீழே இறக்கும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"சேலையூர், தனி வீடு. மனை 1,200 ச.அடி, கட்டடம் 1,650. 3 படுக்கையறை, கிழக்கு வாசல், 24 அடி சாலை, கார் நிறுத்தலாம். சிஎம்டிஏ அனுமதி, தனிப் பட்டா. ரூ. 90 லட்சம். உரிமையாளர்:" என்று எழுதி, கைபேசி எண்ணைத் தருங்கள்.

ஊர்ப் பெயர் முதல் சொல்லாக வந்திருப்பதைக் கவனியுங்கள். வரி விளம்பரங்கள் பெரும்பாலும் ஊர்வாரியாகவே கண்ணால் அலசப்படுகின்றன. தளங்களுக்கான தலைப்பிலும் இதே வரிசை பொருந்தும்: இடம், வீட்டின் வகை, படுக்கையறை எண்ணிக்கை, மற்ற வீடுகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு சிறப்பு. "சேலையூரில் 3 படுக்கையறை தனி வீடு, சிஎம்டிஏ அனுமதி, 2023 மழையில் தண்ணீர் புகாதது" என்பது ஒரு தலைப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் கண்ட சென்னைப் புறநகரில், அந்தக் கடைசித் தொடர் உண்மையாக இருக்குமானால், அதைவிட வலுவான சிறப்பு வேறு இல்லை.

ஐந்தாம் படி: முழு விளம்பரத்தை எழுதுங்கள்

தளங்களில் சொற்களுக்குக் காசு இல்லை. ஆனாலும் 200 முதல் 250 சொற்களுக்குள் நிறுத்துவது நல்லது. முதல் பத்தியில் வீட்டின் அடையாளம், இரண்டாவதில் உள்ளமைப்பு, மூன்றாவதில் தண்ணீரும் மின்சாரமும், நான்காவதில் ஆவணங்கள், கடைசியில் சுற்றுப்புறமும் விலையும் பார்வையிடும் நேரமும் என்ற வரிசை வாசிப்பவருக்கு இயல்பாக இருக்கும். நம் உதாரண வீட்டுக்கு அது இப்படி அமையும்:

"சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், 24 அடி தார்ச்சாலையில் அமைந்த தனி வீடு. மனை 30 x 40 = 1,200 சதுர அடி. கிழக்குப் பார்த்த வாசல். 2009-இல் எங்கள் சொந்த உபயோகத்துக்காகக் கட்டி, இன்றுவரை நாங்களே குடியிருக்கிறோம்.

கீழ்த்தளத்தில் கூடம், சமையலறை, பூஜை அலமாரி, குளியலறையுடன் கூடிய ஒரு படுக்கையறை. முதியவர்கள் மாடி ஏற வேண்டியதில்லை. மேல்தளத்தில் இரண்டு படுக்கையறைகள், ஒரு பொதுக் குளியலறை, துணி உலர்த்த வசதியான பால்கனி. கேட்டுக்குள் ஒரு காரும் இரண்டு இரு சக்கர வாகனங்களும் நிறுத்தலாம்.

மாநகராட்சிக் குடிநீர் இணைப்பும், 180 அடி ஆழ்துளைக் கிணறும் உள்ளன. 6,000 லிட்டர் சம்ப். கிணற்று நீர் சற்று உவர்ப்பானது. குளிக்கவும் துவைக்கவும் பயன்படுத்துகிறோம், சமையலுக்குக் குடிநீர் இணைப்பு. மழைநீர்ச் சேகரிப்பு செயல்பாட்டில் உள்ளது. மும்முனை மின் இணைப்பு, இன்வெர்ட்டர் ஒயரிங்.

சிஎம்டிஏ அங்கீகரித்த மனைப்பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், உரிமையாளர் பெயரில் தனிப் பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழ் உள்ளன. கடன், அடமானம் இல்லை. மாடிப் பின்புறச் சுவரில் ஒரு மழைக்கசிவு இருந்தது. சென்ற ஆண்டு பூச்சு மாற்றிச் சரிசெய்தோம். அந்த இடத்தை நேரில் காட்டுகிறோம்.

விலை ரூ. 90 லட்சம், நேரில் பேசலாம். சனி, ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை, முன்கூட்டித் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு வந்து பார்க்கலாம்."

உவர்ப்புத் தண்ணீரையும் மழைக்கசிவையும் விளம்பரத்தில் எழுதுவதா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதத்தான் வேண்டும். வீடு பார்க்க வருகிற அம்மா ஒருவர் நேரே சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். அவருடைய கணவர் கேட்டின் அகலத்தைத் தன் காரை மனத்தில் வைத்து அளந்துகொண்டிருக்கும்போது, மாமனார் மாடிச் சுவரைத் தட்டிப் பார்ப்பார். இவர்கள் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு குறையும் விலையில் ஒரு லட்சமாவது குறைக்கக் காரணமாகும். நீங்கள் எழுதியிருந்த குறையோ விலையில் ஏற்கெனவே அடங்கிவிட்டதாகிறது, அதைக் காட்டி மறுபடி குறைக்கச் சொல்ல அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டறிய முடியாத முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதை வெளியிடுவது விற்பவரின் கடமை என்று 55-ஆவது பிரிவில் சொல்கிறது.

தொலைவுகளை எழுதும்போது "ஐந்து நிமிடத்தில் ரயில் நிலையம்" என்று எழுதாமல் கிலோமீட்டரில் எழுதுங்கள்; காலை எட்டரை மணிக்கு அந்த ஐந்து நிமிடம் இருபது ஆகும் என்பதை அந்தப் பகுதியில் வேலைக்குப் போகும் எவரும் அறிவார். பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை, காய்கறிக் கடை ஆகிய நான்கும் போதும். வரப்போகும் திட்டங்களைக் காட்டி விலையை நியாயப்படுத்தாதீர்கள். அறிவிப்பு நிலையில் இருக்கும் மெட்ரோ பாதையை நம்பி வாங்கியவர், அது தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் உங்களை நினைத்துக்கொள்வார்.

எழுதாமல் விட வேண்டியவை

வாங்குபவரின் சாதியையோ மதத்தையோ உணவுப் பழக்கத்தையோ நிபந்தனையாக்கும் எந்தச் சொல்லும் விளம்பரத்தில் இடம்பெறக் கூடாது. விற்றுவிட்டுப் போகும் வீட்டில் யார் என்ன சமைக்கிறார்கள் என்பதில் விற்பவருக்கு எந்த உரிமையும் இல்லை. அது மனிதரை இழிவுபடுத்துவது, கூடவே நல்ல விலை தரக்கூடியவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவது. "கௌரவமான குடும்பத்தினர் மட்டும்" என்பதும் அதே நோக்கத்தை மறைத்துச் சொல்வதுதான்.

விற்பதற்கான சொந்தக் காரணத்தை விரிவாக எழுத வேண்டாம். "மகன் வெளிநாட்டில் இருப்பதால்", "கடன் நெருக்கடியால்" என்பவை முறையே வீடு பூட்டிக் கிடக்கும் என்றும், எந்த விலைக்கும் கொடுப்பார் என்றும் படிப்பவருக்குச் சொல்கின்றன. நேரில் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். உரிமையாளரிடம் அதிகாரப் பத்திரம் பெற்று, பவர் ஏஜெண்டாக விற்பவர் மட்டும் அதை விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டும். கடைசி நேரத்தில் தெரியவந்தால் நம்பிக்கை குலைந்துவிடும்.

வாஸ்துவைப் பொறுத்தவரை, திசையை எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "100 சதவீத வாஸ்து" என்று எழுதினால், ஒவ்வொருவரும் தத்தம் வாஸ்து நிபுணரை அழைத்து வந்து அதைப் பொய்யாக்குவதில் முனைவார்கள். நம்பிக்கை உள்ளவருக்கு வாசலின் திசையும், சமையலறையின் மூலையும், கிணறு இருக்கும் இடமும் தெரிந்தால் அவரே முடிவு செய்துகொள்வார். கட்டட நிறுவனங்களின் புதிய திட்டங்களுக்கான விளம்பரங்களில் வரும் ரெரா பதிவு எண்ணைப் பார்த்துவிட்டு, அது நமக்கும் வேண்டுமோ என்று சிலர் தயங்குவதுண்டு. தான் குடியிருந்த வீட்டை மறுவிற்பனை செய்யும் தனிநபருக்கு அது தேவையில்லை.

ஆறாம் படி: படங்கள்

எட்டு முதல் பன்னிரண்டு படங்கள் போதும். கிழக்கு வாசல் வீட்டைக் காலையிலும், மேற்கு வாசல் வீட்டை மாலையிலும் எடுங்கள். கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து, அறையின் ஒரு மூலையில் நின்று, மார்பு உயரத்திலிருந்து எடுத்தால் அறை உள்ளபடி தெரியும். அகலக்கோண லென்ஸால் 10 x 10 அறையை மண்டபமாகக் காட்டினால், வந்து பார்ப்பவர் ஏமாந்து திரும்புவார். முதல் படம் முகப்பு; அதற்கு முன் கேட்டை மறைக்கும் வண்டிகளை நகர்த்துங்கள். சமையலறை மேடையைத் துடைத்து, கூடத்தின் கொடியில் காயும் துணிகளை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. பலர் விட்டுவிடும் மூன்று படங்களைக் கட்டாயம் சேருங்கள்: வாசலில் நின்று தெருவின் இரு பக்கமும் எடுத்த படம், குளியலறை, மொட்டைமாடி. சாலையின் அகலத்தைச் சொற்களில் நம்பாதவர் படத்தில் நம்புவார். கையால் வரைந்ததானாலும் சரி, ஒரு தளவரைபடம் இருந்தால் இன்னும் நல்லது.

குழந்தைகளின் முகம், குடும்பப் படங்கள், வாகன எண், பீரோ, நகை வைக்கும் இடம் ஆகியவை படத்தில் விழாமல் பாருங்கள். பத்திரம், பட்டா, ஆதார் ஆகியவற்றின் படங்களை எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். போலி ஆவணங்களும் ஆள்மாறாட்டப் பதிவுகளும் நடக்கும் நாட்டில், நம் கையெழுத்தையும் பத்திர எண்ணையும் நாமே பொதுவில் வைப்பது ஆபத்து. வீட்டை நேரில் பார்த்து, உண்மையான அக்கறை காட்டியவருக்கு நகல் தரலாம்; நகலின் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்றும், பெறுபவரின் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

ஏழாம் படி: எங்கே, எப்போது

உள்ளூர்க்காரர்கள் தினத்தந்தி, தினமலர் போன்ற நாளிதழ்களின் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களையும், வேலை நிமித்தம் குடிவந்தவர்கள் மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்களையும் பார்க்கிறார்கள். சிறு நகரங்களில் வீட்டு கேட்டில் மாட்டிய பலகைக்கும், தெருவிலுள்ள மளிகைக் கடைக்காரரின் காதில் போட்டு வைத்த செய்திக்கும் இன்றும் வலிமை அதிகம். அதே தெருவில் உறவினர் அருகில் குடியேற விரும்புபவர்தான் பல நேரங்களில் நல்ல விலை தருகிறார். எல்லா இடங்களிலும் ஒரே விலை, ஒரே அளவு இருக்கட்டும். தரகர் வழியாகவும் விற்கிறீர்கள் என்றால், அவர் தானாக ஒரு விலை போட்டு விளம்பரம் வெளியிடாதபடி உங்கள் வாசகத்தையே அவருக்கும் எழுதிக் கொடுங்கள். கமிஷன் எத்தனை சதவீதம், யார் தருவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஆடியிலும் மார்கழியிலும் வீடு தேடுபவர்கள் குறைவு. ஆடி முடியும் தறுவாயில் வெளியிட்டால் ஆவணியில் பேச்சு முடிய வாய்ப்புண்டு. மார்கழிக் கடைசியில் வெளியிட்டால் தை மாத முகூர்த்தங்கள் கிடைக்கும். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையைக் கணக்கிடுபவர்கள் தையிலிருந்தே தேடத் தொடங்குகிறார்கள். வங்கிக் கடன் ஒப்புதலுக்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: அழைப்புகளை எதிர்கொள்ளுதல்

விளம்பரத்துக்கென்றே தனி கைபேசி எண் வைத்துக்கொள்வது நல்லது. அழைப்பவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: யாருக்காகப் பார்க்கிறீர்கள், கடன் வாங்குவீர்களா, எப்போது குடிபோக எண்ணம்? விடைகளை ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வையுங்கள். நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டால், அதற்கான விடை விளம்பரத்தில் இல்லை என்று பொருள், அன்றே திருத்துங்கள்.

வீட்டைப் பார்க்காமலேயே முன்பணம் அனுப்ப முன்வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லி, ஒரு க்யூஆர் கோடை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்து சேரும் என்று நம்பவைப்பது பழகிப்போன மோசடி. யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் போட வேண்டிய தேவையே இல்லை. உண்மையான வாடிக்கையாளரிடமும் முன்பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். அசையாச் சொத்துக்கான பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

மூன்று வாரங்களாகியும் நேரில் பார்க்க யாரும் வரவில்லை என்றால் முதலில் முகப்புப் படத்தையும் தலைப்பையும் மாற்றுங்கள். பலர் வந்து பார்த்தும் விலை பேச ஒருவரும் முன்வரவில்லை என்றால் மாற்ற வேண்டியது விலை. வாரந்தோறும் பத்தாயிரம் குறைப்பது வாங்குபவரைக் காத்திருக்கப் பழக்கும். குறைப்பதென்றால் ஒரே தடவையில், கண்ணுக்குத் தெரியும் அளவில் குறையுங்கள்.

கிரய ஒப்பந்தம் கையெழுத்தானதும், விளம்பரத்தில் இருந்த அளவுகளும், விட்டுச்செல்வதாகச் சொன்ன இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர், மின்விசிறி போன்றவையும் ஒப்பந்தத்தில் அப்படியே இடம்பெற்றிருக்கின்றனவா என்று ஒருமுறை ஒத்துப் பாருங்கள். விளம்பரத்தின் ஒரு நகலைக் கிரயம் முடியும்வரை கோப்பில் வையுங்கள். பிறகு எல்லாத் தளங்களிலும் விளம்பரத்தையும் படங்களையும் நீக்கி, கேட்டிலுள்ள பலகையைக் கழற்றி, பேசி வைத்த தரகர்கள் ஒவ்வொருவருக்கும் வீடு பேசி முடிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் புதிய உரிமையாளர் பால் காய்ச்சிக் குடியேறிய பிறகும் அவர் வாசலில் வீடு பார்க்க ஆட்கள் வந்து நிற்பார்கள்.